வெறும் 2.5 சி.சி... வேகம் 300 கி.மீ! - குட்டி விமான ரேஸ் எஞ்சின்களும் ஒரு பாட்டில் விளக்கெண்ணெயும்

திருவண்ணாமலை, ரமணாசிரமம் ஏரியா. சாயங்காலம் நாலு மணி. செங்கம் ரோட்டில் பஸ் ஹாரன் ஒரு பக்கம் அலறினாலும், ஆசிரமத்துக்குப் பக்கவாட்டில் போகிற சந்துகளுக்குள் நுழைந்துவிட்டால் வேறு உலகம். மயில் அகவும். குரங்கு ஒன்று தண்ணீர் டேங்க் மூடியைத் திறக்கப் பார்க்கும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் செருப்பில்லாமல் நடந்து போவார். யாரும் யாரிடமும் சத்தமாகப் பேசுவதில்லை. மௌனத்தைத் தேடித்தான் இந்த ஊருக்கே வருகிறார்கள்.

நானும் 'மௌனம் தேடும் இளைஞர்கள்' மாதிரி ஏதாவது ஒரு ஸ்டோரிக்காகத்தான் போயிருந்தேன். ஆனால், அந்தச் சந்து ஒன்றில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரரின் ஷோகேஸில் இருந்த ஒரு பொருள் ஸ்டோரியையே மாற்றிவிட்டது.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. கையில் எடுத்தால் ஜில்லென்று இரும்புக் கனம். முன்னால் ஒரு தண்டு, மேலே வரிவரியாகக் குளிர்விப்பான் தகடுகள். "பொம்மையா சார்?" என்றேன்.

"பொம்மைன்னு சொல்லாதம்மா. அது கோச்சுக்கும்" என்று சிரித்தார் அவர். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். என்.சி.சி. மாணவர்களுக்குப் பல வருடங்கள் ஏரோமாடலிங் சொல்லிக்கொடுத்தவர். பெயரெல்லாம் வேண்டாம் என்றார். சார் என்றே வைத்துக்கொள்வோம். "அது இத்தாலி எஞ்சின். 2.5 சி.சி. இந்த சைஸ் எஞ்சினை வெச்சுக்கிட்டுத்தான் உலகச் சாம்பியன்ஷிப்ல மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடறாங்க."

2.5 சி.சி. என்றால் எவ்வளவு? நீங்கள் ஓட்டுகிற 100 சி.சி. பைக் எஞ்சினை நாற்பதாகக் கூறு போட்டால், அதில் ஒரு கூறு. அரை டீஸ்பூன் கொள்ளளவு. அதில் எப்படி 300 கி.மீ?

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. கூடவே, அந்த எஞ்சின் ஏன் இத்தனை வருடமாக ஷோகேஸிலேயே இருக்கிறது என்ற கேள்விக்கும்.

நடுவில் மனிதன், சுற்றி விமானம்

முதலில் பந்தயத்தைப் புரிந்துகொள்வோம். மாடல் விமானம் என்றதும் நமக்கு ரிமோட்தான் ஞாபகம் வரும். ஆனால், வேகப் பந்தயத்தின் பழைய வடிவம் 'கன்ட்ரோல் லைன்'. மெல்லிய எஃகுக் கம்பிகளின் ஒரு முனையில் விமானம், மறுமுனை பைலட்டின் கையில். கம்பியை அசைத்தால் விமானம் ஏறும், இறங்கும். மற்றபடி அது பைலட்டைச் சுற்றி வட்டம் அடித்துக்கொண்டே இருக்கும். கவண் கல்லைச் சுற்றுகிற மாதிரி. இங்கே கல்லுக்குச் சொந்தமாக எஞ்சின் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சர்வதேச வான் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ. இதைப் பிரிவு பிரிவாக நடத்துகிறது. அதில் வேகத்துக்கானது 'எஃப்2ஏ'. கம்பியின் நீளம் 17.69 மீட்டர். ஏன் இப்படி ஒரு வினோதமான எண் தெரியுமா? இந்த ஆரத்தில் 9 சுற்று சுற்றினால் சரியாக 1 கிலோமீட்டர். 300 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு கிலோமீட்டர் 12 விநாடியில் முடிந்துவிடும். ஒரு சுற்றுக்கு 1.3 விநாடிதான். பைலட் நடுவில் ஒரு கம்பத்தில் இருக்கும் கவட்டையில் மணிக்கட்டை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிக் கிட்டத்தட்ட ஓடியாக வேண்டும்.

ஸ்கூல் பிசிக்ஸ் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாமா? அந்த வேகத்தில், அந்த ஆரத்தில், விமானத்தின் மீதான விசை புவியீர்ப்பைப்போல 40 மடங்கு. விமானம் அரை கிலோ என்று வைத்துக்கொண்டால், பைலட்டின் கையை 20 கிலோ எடை வெளிப்பக்கமாக இழுக்கிறது. ஒரு கையால் தண்ணீர் நிரம்பிய பெரிய குடத்தைத் தூக்கிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

'எஃப்2சி' இன்னும் சுவாரஸ்யம். இது டீம் ரேஸ். மூன்று விமானங்கள் ஒரே வட்டத்தில். மூன்று பைலட்களும் நடுவில் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு சுற்றுவார்கள். தகுதிச் சுற்று 100 சுற்று, அதாவது 10 கி.மீ. பெட்ரோல் டேங்க் மாதிரி இருக்கும் எரிபொருள் டேங்க்கின் கொள்ளளவு வெறும் 7 சி.சி.! அதனால் நடுவில் இறங்கி எரிபொருள் நிரப்பியே ஆக வேண்டும். வட்டத்துக்கு வெளியே குந்தியிருக்கும் மெக்கானிக் விமானத்தைப் பிடித்து, எரிபொருள் நிரப்பி, புரொப்பெல்லரைத் தட்டி ஸ்டார்ட் செய்து அனுப்ப வேண்டும். கெட்டிக்காரர்கள் இதைச் சில விநாடிகளில் முடிக்கிறார்கள்.

ரிமோட்டில் பறப்பவற்றுக்கும் ரேஸ் உண்டு. 'எஃப்3டி' எனப்படும் பைலான் ரேஸில் மூன்று கம்பங்களைச் சுற்றி 10 சுற்று. அங்கே எஞ்சின் 6.5 சி.சி. வரை.

ஸ்பார்க்கில் தொடங்கி பிளாட்டினம் வரை

கதை 1930களில் அமெரிக்காவில் தொடங்குகிறது. பிலடெல்பியாவில் பில் பிரவுன் என்ற இளைஞர் 'பிரவுன் ஜூனியர்' என்ற குட்டி பெட்ரோல் எஞ்சினைச் செய்தார். அதைப் பொருத்திய விமானங்கள், ரப்பர் முறுக்கில் பறந்த விமானங்களைப் போட்டிகளில் ஓரம்கட்டின. 1940களில் டூலிங் சகோதரர்கள், டிக் மெக்காய் போன்றவர்கள் ரேஸுக்கென்றே 10 சி.சி. எஞ்சின்களைச் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஆனால், ஒரு தலைவலி. ஸ்பார்க் பிளக் எரிய பேட்டரி வேண்டும், காயில் வேண்டும், கண்டென்சர் வேண்டும். இத்தனையையும் அந்தக் குட்டி விமானம் சுமக்க வேண்டும்.

1947 வாக்கில் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் 'குளோ பிளக்'கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். உள்ளே பிளாட்டினம் கலந்த ஒரு சின்னச் சுருள் கம்பி. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வெளியிலிருந்து ஒரு பேட்டரியைத் தொட்டுக் கம்பியைச் சிவக்க வைத்தால் போதும். பிறகு பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் படும்போது நடக்கும் வினையும், முந்தைய எரிதலின் சூடும் சேர்ந்து கம்பியைத் தொடர்ந்து கனல வைக்கும். அடுப்பில் தணல் அணையாமல் இருக்கிற மாதிரி. பேட்டரி, காயில் எல்லாம் ஒரே நாளில் தேவையற்றுப் போயின. எடை குறைந்தது, வேகம் ஏறியது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. அங்கே 'மாடல் டீசல்'. பிளக்கே கிடையாது. அழுத்தத்தாலேயே எரியும். எரிபொருள், ஈத்தர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்தது. எஞ்சின் தலையில் இருக்கும் ஒரு திருகைத் திருப்பி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். குறைந்த எரிபொருளில் அதிக தூரம் போகும் என்பதால்தான் டீம் ரேஸில் இன்றும் டீசலுக்கு மரியாதை.

நம் நாட்டுக்கும் இந்த டீசலுக்கும் ஓர் உறவு உண்டு. சார் ஷோகேஸில் இருந்த இன்னோர் எஞ்சின் 'அரோரா'. கல்கத்தாவில் தயாரானது. பிரிட்டனின் புகழ்பெற்ற 'மில்ஸ்' எஞ்சினை முன்மாதிரியாகக் கொண்ட குட்டி டீசல்களும் இந்தியாவில் தயாராகி வெளிநாட்டு ஆர்வலர்கள் கைக்குப் போயிருக்கின்றன. "நாங்க கத்துக்கிட்டதே இந்த மாதிரி டீசல்லதான். விரலைக் கொண்டுபோய் புரொப்பெல்லரைத் தட்டுவோம். திருப்பி அடிக்கும் பாரு, நகம் கறுத்துடும்" என்று இடது கை ஆள்காட்டி விரலைக் காட்டினார். தழும்பு இன்னும் இருக்கிறது.

சத்தமும் ஒரு பாகம்தான்!

இனிதான் மேட்டர். 1950களில் 2.5 சி.சி. எஞ்சின்கள் ஏற்கெனவே நன்றாகத்தான் ஓடின. அவற்றை அடுத்த கட்டத்துக்குத் தள்ளியது ஒரு சைலன்சர்க் குழாய்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு பிறவிக் குறை உண்டு. எரிந்த புகை வெளியே போகும் வாசலும், புதிய எரிபொருள் உள்ளே வரும் வாசலும் ஒரே நேரத்தில் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. சாப்பிட்டவர்கள் எழுந்து போவதற்குள் அடுத்த பந்திக்காரர்கள் உள்ளே நுழைவார்கள். அந்த நெரிசலில் உள்ளே வந்தவர்களில் சிலர் தள்ளப்பட்டு வெளியேயும் போய்விடுவார்கள். அதாவது, எரியாத எரிபொருளில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து வீணாகிறது.

கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பொறியாளர் வால்டர் காடன் இதற்கு ஒரு வழி கண்டார். எஞ்சின் வெடிக்கிற ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை, அதாவது சத்தம், குழாய் வழியே ஓடுகிறது. குழாய் விரிகிற இடத்தில் அந்த அலை 'உறிஞ்சும்' அலையாகத் திரும்பி வந்து புகையை இழுக்கும். குழாய் மறுபடி குறுகுகிற இடத்தில் 'தள்ளும்' அலையாகத் திரும்பி வந்து, வெளியேறப் பார்த்த எரிபொருளை மறுபடி சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். பந்தி வாசலில் ஒரு கறாரான மாமாவை நிறுத்தி வைத்த மாதிரி!

1961-ல் எம்.இசட். ரேஸர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடன் பந்தயத்தின்போது மேற்கு நாடுகளுக்குத் தப்பி, பின்னர் ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். காடனின் ரகசியங்களும் அவரோடு போயின. 1962-ல் சுசுகி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. அதன் பிறகு இந்த நுட்பம் டூ-ஸ்ட்ரோக் ரேஸ் உலகம் முழுக்கப் பரவியது. 1960களின் நடுவில் அமெரிக்காவின் பில் விஸ்னீவ்ஸ்கி அதே நுட்பத்தைக் குட்டி விமான எஞ்சினில் பொருத்திக் காட்ட, வேகப் பந்தயத்தின் கணக்கே மாறிப்போனது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு எஃப்2ஏ எஞ்சின் நிமிடத்துக்கு 40,000 சுற்றை ஒட்டி ஓடுகிறது. உங்கள் பைக்கின் சிவப்புக் கோடு 10,000 பக்கம் இருக்கும். 40,000 என்றால் ஒரு சுற்றுக்கு 1.5 மில்லி விநாடி. புகை வாசல் திறந்திருப்பது அதில் பாதி, சுமார் 0.75 மில்லி விநாடி. சூடான புகையில் ஒலி விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் ஓடும் என்று வைத்துக்கொண்டால், அலை போய்த் திரும்ப 37 சென்டிமீட்டர்தான் அவகாசம். ஆக, அலை திரும்பும் இடம் எஞ்சினிலிருந்து 19 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு சாணுக்கும் குறைவு. இதில் சில மில்லிமீட்டர் தவறினாலும் மாமா தப்பான நேரத்தில் வாசலுக்கு வருவார்.

"அதனாலதான் சொல்றேன், இந்த எஞ்சின்ல சத்தமும் ஒரு பாகம். சத்தம் இல்லைன்னா பவர் இல்லை" என்றார் சார். மௌனத்துக்குப் பெயர் போன ஏரியாவில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்தான். "இங்க இதை ஸ்டார்ட் பண்ணா என்ன ஆகும் நினைக்கிற? ஒரே நிமிஷம்தான். மலை சுத்துறவங்க எல்லாம் வாசல்ல நிப்பாங்க."

குளிரில் இறுகும், சூட்டில் பழகும்

குழாய் பாதிக் கதைதான். மீதிப் பாதி உலோகத்தில் இருக்கிறது.

பழைய எஞ்சின்களில் பிஸ்டன் தலையில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும், உள்ளே வரும் எரிபொருள் நேராக எதிர் வாசலுக்குப் போய்விடாமல் திருப்பிவிட. அந்தச் சுவர் எடை கூட்டியது, சூட்டையும் தேக்கியது. அடால்ஃப் ஷ்னூர்லே என்ற ஜெர்மன் பொறியாளர் 1920களிலேயே பெரிய எஞ்சின்களுக்குச் சொன்ன யோசனை வேறு: உள்ளே வரும் வாசல்களையே, புகை வாசலுக்கு முதுகு காட்டுகிற மாதிரி சாய்த்து வெட்டிவிடு. அப்போது பிஸ்டன் தட்டையாக, லேசாக இருக்கலாம். குட்டி எஞ்சின் உலகம் 1960களின் கடைசியிலும் 1970களிலும் இதைப் பரவலாகக் கையில் எடுத்தது.

அதே காலத்தில் வந்ததுதான் 'ஏ.பி.சி.' அலுமினியப் பிஸ்டன், பித்தளைச் சிலிண்டர், உள்ளே குரோமியப் பூச்சு. பிஸ்டனில் ரிங் கிடையாது. சிலிண்டர் மேலே போகப் போகக் கொஞ்சம் குறுகலாக இருக்கும். அதனால் குளிர்ந்த எஞ்சினைக் கையால் சுற்றினால் மேலே வந்ததும் 'கிச்'சென்று பிடிக்கும். புதிதாக வாங்கியவர்கள் ரிப்பேர் என்று பயந்துவிடுவார்கள்! ஆனால், ஓடிச் சூடானதும் பித்தளை, பிஸ்டனைவிடக் கொஞ்சம் அதிகமாக விரியும். மேல் பகுதிதான் அதிகம் சூடாகும் என்பதால் அங்கேதான் அதிகம் விரியும். குறுகல் சரியாகிவிடும். அதாவது, ஓடும்போது மட்டுமே அளவு கச்சிதமாகிற மாதிரி அந்த எஞ்சினைத் தப்பான அளவில் செய்கிறார்கள்.

இத்தாலியின் பொலோன்யாவில் 'சூப்பர் டைகர்' எஞ்சின்களைச் செய்த ஜாரெஸ் கரோஃபாலி, பிரேஷியாவில் 'ரோஸ்ஸி' எஞ்சின்களைச் செய்த உகோ, சேசரே ரோஸ்ஸி சகோதரர்கள் போன்றவர்களின் பெயர் இந்த உலகில் மிகப் பெரிசு. பிரமாண்டத் தொழிற்சாலைகள் அல்ல இவை. லேத்தும் கிரைண்டரும் வைத்துக்கொண்டு, பகலில் எஞ்சின் செய்து, வார இறுதியில் அதையே பறக்கவிட்டுப் பார்த்த மனிதர்களால் வளர்ந்த தொழில் இது. கோயம்புத்தூரில் ஒரு சந்துக்குள் நுழைந்தால் கேட்கிற லேத் சத்தம் மாதிரிதான் அங்கேயும் கேட்டிருக்கும்.

பலன்? 2.5 சி.சி.யில் சுமார் 2 குதிரைத்திறன். ஒரு லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 800. உங்கள் 100 சி.சி. பைக் 8 குதிரைத்திறன், லிட்டருக்கு 80. ஃபார்முலா ஒன் காரின் 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், மின் மோட்டார் உதவியையும் சேர்த்து ஆயிரத்தை ஒட்டி. அதையே லிட்டருக்குப் பார்த்தால் 600 சொச்சம். ஆக, ஷோகேஸில் தூங்கும் அந்தத் தீப்பெட்டி, கணக்கில் எஃப் ஒன்னையே முந்துகிறது.

பாட்டியின் பாட்டில்

இவ்வளவு வேகத்தில் ஓடும் எஞ்சினுக்கு ஏதோ ஸ்பேஸ் டெக்னாலஜி ஆயில் ஊற்றுவார்கள் என்றுதானே நினைத்தீர்கள்? எஃப்2ஏ-வில் போட்டி நடத்துபவர்களே எல்லோருக்கும் ஒரே எரிபொருளைத் தருகிறார்கள். 80 பங்கு மெத்தனால், 20 பங்கு... விளக்கெண்ணெய்!

ஆமாம், பிடிக்காத கசாயத்தோடு பாட்டி வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய். ஆமணக்கு விதையிலிருந்து வருவது. சாதாரண எஞ்சின் ஆயில் மெத்தனாலில் கரையாது, தனியாகப் பிரிந்து நிற்கும். விளக்கெண்ணெய் ஆல்கஹாலில் அழகாகக் கரையும். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். 'காஸ்ட்ரால்' என்ற பெயரே 'காஸ்டர்' எண்ணெயிலிருந்து வந்ததுதான். முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களும் இந்த எண்ணெயில்தான் ஓடின. அந்தப் புகையைச் சுவாசித்த பைலட்களின் வயிறு என்ன பாடுபட்டது என்பதற்குத் தனியாகவே கதைகள் சொல்வார்கள்.

இதில் நமக்கு ஒரு பெருமை. உலகில் ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில், குறிப்பாக குஜராத்தில். உலகத்தின் எந்த மூலையில் ஒரு ரேஸ் எஞ்சின் கத்தினாலும், அந்த எண்ணெய் இந்திய மண்ணில் விளைந்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அவசரப்பட்டு மளிகைக்கடை பாட்டிலை ஊற்றிவிடாதீர்கள். எஞ்சினுக்கு, பிசின் நீக்கிச் சுத்திகரித்த தரம் தேவை. இல்லையென்றால் உள்ளே கருகிப் பிடித்துக்கொள்ளும்.

எஞ்சின் ஏன் ஷோகேஸில் இருக்கிறது?

இரண்டாம் நாள் சாயங்காலம், பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான். சென்னையில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். லீவுக்கு வந்திருக்கிறான். அஜித் ஏரோமாடலிங் செய்வதைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தவன். 2018-ல் எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' டீமுக்கு அஜித் ஆலோசகராக இருந்ததும், ஆஸ்திரேலியாவில் நடந்த ட்ரோன் போட்டியில் அந்த டீம் இரண்டாம் இடம் பிடித்ததும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"சார், மெத்தனால் கிடைச்சிடுச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர் அஞ்சு லிட்டர் தர்றேன்னு சொல்லியிருக்கார். பில்லு எல்லாம் வேண்டாமாம். நாளைக்கே இத்தாலிக்காரனை ஸ்டார்ட் பண்ணிடலாம்!" அவன் முகத்தில் தீபாவளி.

சாரின் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கள்ளக்குறிச்சி இங்கேருந்து எவ்ளோ தூரம்டா?" என்று கேட்டார்.

பையன் பதில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பக்கத்து மாவட்டம். 2024 ஜூன் மாதம் அங்கே விஷச் சாராயத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சாராயத்தில் இருந்தது மெத்தனால். அதற்கு முந்தைய வருடம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் நடந்த சாவுகளுக்கும் அதுவேதான் காரணம்.

மெத்தனால் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். வாசனையும் குடிக்கிற சாராயத்தை ஒத்தது. உடலுக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண் பார்வையைப் பறிக்கும், பிறகு உயிரை. தமிழ்நாட்டில் 1959-ம் ஆண்டு விதிகளின்படி மெத்தனாலை வாங்க, விற்க, வைத்திருக்க உரிமம் வேண்டும். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு கண்காணிப்பு இன்னும் இறுகியிருக்கிறது. இறுகத்தான் வேண்டும்.

"அஞ்சு லிட்டர் கேனை நீ வீட்ல எங்க வைப்ப? மொட்டை மாடியிலயா? வீட்டு வேலைக்கு வர்றவங்க, தண்ணிக் கேன் போடுற பையன், யாராவது ஒருத்தர் சாராயம்னு நினைச்சு ஒரு மடக்கு குடிச்சா? அப்புறம் வேகம் 300 ஆனா என்ன, 400 ஆனா என்ன? பில்லு இல்லாம ஒருத்தன் இதை உனக்குத் தர்றான்னா, வேற யாருக்கெல்லாம் தர்றான்?"

கடைசிக் கேள்வி என்னையே உலுக்கியது. பையன் போனை எடுத்து, வெளியே போய், யாரிடமோ பேசிவிட்டு வந்தான். "வேணாம்னு சொல்லிட்டேன் சார்."

உரிமத்தோடு, முறையாகப் பதிவுசெய்த கிளப் அல்லது கல்லூரி லேப் வழியாகச் செய்தால் செய்யலாம். இல்லையென்றால் இல்லை. சார் அந்த இத்தாலி எஞ்சினை இத்தனை வருடமாக ஸ்டார்ட் செய்யாததற்கு ஆசிரமத்தின் அமைதி பாதிக் காரணம்தான். இது மீதிப் பாதி.

பேட்டரி வந்த பிறகு...

"அப்போ இந்த எஞ்சின் எல்லாம் காலாவதியா சார்?" என்று கேட்டேன்.

பாதி உண்மை. பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் வந்த பிறகு பொழுதுபோக்குப் பறத்தலில் பெரும்பங்கு மின்சாரத்துக்குப் போய்விட்டது. விரல் கறுக்காது, எண்ணெய் பிசுக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். மின்சார விமானங்களுக்கும் பைலான் ரேஸ் பிரிவு உண்டு. ட்ரோன் ரேஸ் பற்றி உங்களுக்கே தெரியும்.

ஆனால், எஃப்2ஏ-வும் எஃப்2சி-யும் இன்னும் எஞ்சினில்தான் ஓடுகின்றன. எஃப்2ஏ-வில் எரிபொருள் எல்லோருக்கும் ஒன்று, கொள்ளளவு ஒன்று, கம்பி ஒன்று. அதற்குப் பிறகும் ஒருவர் இன்னொருவரைவிட 2 கி.மீ. வேகமாகப் போகிறார் என்றால், அது அவர் உலோகத்தைப் புரிந்துகொண்ட விதம். அந்த அறிவு ஒருமுறை கை மாறாமல் போனால் யூடியூப்பில் தேடி எடுப்பது கஷ்டம். சாரின் உண்மையான கவலை அதுதான். "எஞ்சின் ஓடலைன்னா பரவாயில்லை. ஏன் ஓடுதுன்னு தெரிஞ்சவங்க இல்லாமப் போயிடக் கூடாது."

நீங்களும் ஆரம்பிக்கணுமா?

சார் சொன்னதும் நான் விசாரித்ததும் சேர்த்து:

* முதல் விமானம் மின்சாரமாகவே இருக்கட்டும். கன்ட்ரோல் லைனிலேயே மின்சார மாடல்கள் உண்டு. பறக்கக் கற்ற பிறகு எஞ்சின்.

* ஸ்கூல், காலேஜில் என்.சி.சி. ஏர் விங் இருந்தால் விடாதீர்கள். ஏரோமாடலிங் அங்கே பயிற்சியின் ஒரு பகுதி. வாயு சைனிக் முகாமில் போட்டியே நடக்கிறது.

* ரிமோட் மாடல் பறக்கவிடும் முன் 'டிஜிட்டல் ஸ்கை' மேப்பில் அந்த இடம் பச்சை மண்டலமா என்று பாருங்கள். கோயில், கூட்டம், ஏர்போர்ட் பக்கம் வேண்டவே வேண்டாம்.

* கன்ட்ரோல் லைன் விமானம் பறக்கவிடும்போது மேலே மின்கம்பி இருக்கவே கூடாது. கையில் இருப்பது எஃகுக் கம்பி என்பதை மறந்துவிடாதீர்கள்.

* ஓடும் புரொப்பெல்லருக்கு நேராகவோ பக்கவாட்டிலோ நிற்காதீர்கள். பின்னால் நில்லுங்கள். கண்ணாடி கட்டாயம்.

* பழைய ஏ.பி.சி. எஞ்சின் கிடைத்தால் குளிர்ந்த நிலையில் சும்மா சும்மா சுற்றிப் பார்க்காதீர்கள். அந்தக் 'கிச்' பிடிப்புதான் அதன் உயிர். தேய்ந்தால் போச்சு. ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கிவிட்டுச் சுற்றலாம்.

* மெத்தனால், ஈத்தர் இரண்டையும் வீட்டில் வைத்து விளையாட வேண்டாம். உரிமம், அனுபவசாலி, பூட்டிய அறை. இந்த மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

நான் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று பேரும் செங்கம் ரோட்டில் ஊரைத் தாண்டி, தண்ணீர் வற்றிய ஓர் ஏரிக்குப் போனோம். மின்கம்பி இல்லாத இடமாகப் பார்த்து நின்றோம். பையன் ஒட்டிச் செய்த தெர்மோகோல் விமானம், சின்ன மின் மோட்டார், இரண்டு கம்பி. மலை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் முறை மூன்றே சுற்று. பையனுக்குத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். விமானம் மூக்கால் மண்ணைத் தோண்டியது. இரண்டாம் முறை பதினோரு சுற்று. சத்தம் என்று பார்த்தால் ஒரு டேபிள் ஃபேன் அளவுதான்.

சார் தன் ஜிப்பா பாக்கெட்டிலிருந்து இத்தாலி எஞ்சினை எடுத்துப் பையனின் கையில் வைத்தார். "ஓட்டுறதுக்கு இல்ல. கழட்டு. ஒவ்வொரு பாகமா வரை. சிலிண்டர் மேல எவ்ளோ, கீழ எவ்ளோன்னு அளந்து எழுது. லீவு முடியறதுக்குள்ள எனக்கு அந்த நோட்டு வேணும்."

நேற்று பையன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கோடு போட்ட நோட்டில் பென்சில் படம். சிலிண்டரின் மேல் விட்டத்துக்கும் கீழ் விட்டத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு வித்தியாசம். அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். பக்கத்தில் சாரின் கையெழுத்தில் ஒரே வார்த்தை: 'ஏன்?'